டிராக்டர் பெத்த பங்காளிங்க

வா கண்ணு, வா. அந்தக் கவசத்தையெல்லாம் கழட்டிப்போட்டு இந்தத் திண்ணையில சித்தெ உக்காரு. முழங்காலுக்கு ஒன்னு, முழங்கைக்கு ஒன்னு, நெஞ்சுக்கு ஒன்னு, முதுகுக்கு ஒன்னு. எல்லாத்தையும் நீ கழட்டறதுக்குள்ள டீ ஆறிப்போகும். பரவாயில்ல, மெதுவாக் கழட்டு. நானும் எங்கயும் போறதில்ல, கொல்லிமலையும் எங்கயும் போயிராது.

ஞாயித்துக்கிழமை வெள்ளென இந்தக் காரவள்ளி அடிவாரத்துல வந்து உக்காந்தாப் போதும், எனக்குச் சினிமாக் காசு மிச்சம். மொதல்ல புல்லட்டுக் கூட்டம் வரும். முதுகுல மண்டையோடு, புலி, கழுகுன்னு ஏதோ ஒன்னு பல்லைக் காட்டிக்கிட்டு இருக்கும். ஆமா, கழுகுக்கும் பல்லு வெச்சுத் தச்சிருக்கறான் ஒருத்தன். அப்பறம் ஆரெக்ஸ் 100 கூட்டம், நீலப் பொகையைக் கக்கிக்கிட்டு. அதுக்கும் பின்னால ஆரஞ்சுக் கலர்ல டியூக்குக் கூட்டம், வெசையா வந்து வெசையா நிக்கும். மூணு கூட்டமும் ஒரே கடையிலதான் டீ குடிக்கும். ஒரே பெஞ்சுல உக்காராது. ஒருத்தன் வண்டியை இன்னொருத்தன் ஓரக்கண்ணுல பாப்பான். பாத்துப்போட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவான். ஏஞ்சாமி, உங்களுக்குள்ள என்ன வரப்புத் தகராறா, கெணத்துத் தகராறா? எவன் பாட்டன் சொத்தை எவன் எழுதி வாங்கிப்போட்டான்?

ரோட்டுல பாத்தேன், இன்னொரு கூத்து. எதுத்தாப்புல ஒரு புல்லட்டு வந்தா உன்ற கை தானா எந்திரிக்குது. கும்புடு போடறியா, வெரலைக் காட்டறியா, என்ன எழவோ. ஆனா ஒரு ஸ்பிளெண்டர் வந்தா அந்தக் கை ஹேண்டில்பார்லயே ஒட்டிக்குது. அந்த ஸ்பிளெண்டர்ல வர்றவன் யாருன்னு தெரியுமா உனக்கு? மேல செம்மேட்டுக்காரன். பின்னால பலாப்பழத்தைக் கட்டிக்கிட்டு, முன்னால புள்ளைய உக்கார வெச்சுக்கிட்டு, எழுபது கொண்டை ஊசி வளைவையும் அன்னாடு ஏறி எறங்கறவன். எந்த வளைவுல மண்ணு சரியும், எந்த வளைவுல பஸ்ஸு முழுத் தடத்தையும் எடுக்கும்னு அவனுக்குத்தான் தெரியும். அவனுக்கு நீ கை காட்டமாட்டே. கேட்டா, அவன் 'ரைடர்' இல்லையாம், அவன் வண்டி 'கம்யூட்டர்' வண்டியாம். அன்னாடு மலை ஏறறவன் ரைடர் இல்ல, மாசத்துக்கு ஒருக்கா வந்து படம் புடிச்சுட்டுப் போறவன் ரைடர். நல்லா இருக்குதப்பா உங்க பஞ்சாயத்து.

சரி, புல்லட்டுக்காரங்களாவது ஒத்துமையா இருக்கறாங்களான்னு பாத்தா, அதுக்குள்ளயும் ஏழு சாதி வெச்சிருக்கறாங்க. வலது காலுல கியரு, இடது காலுல பிரேக்கு இருக்கற பழைய வார்ப்பிரும்பு இன்ஜினு வெச்சிருக்கறவன் மேட்டுக்குடி. 2009ல கிளாசிக்குன்னு ஒன்னு வந்துச்சே, இடது கால் கியரு, பட்டனை அமுக்குனா ஸ்டார்ட்டு, அதை வெச்சிருக்கறவன் கொஞ்சம் மட்டம். இப்ப வர்ற புது இன்ஜினுக்காரனைக் கண்டா ரெண்டு பேருமே, 'சத்தமே இல்லியே, இதெல்லாம் புல்லட்டா?'ன்னு கேக்கறாங்க. அந்தப் பையன் பாவம், மாசத் தவணை கட்டி வாங்குன வண்டிய மரத்து மறைவுல நிறுத்தறான்.

நான் அந்தப் பழைய புல்லட்டு ஓடுன காலத்தைப் பாத்தவன், கேளு. 1955ல திருவொற்றியூர்ல ஆரம்பிச்ச கம்பெனி அது. சீமையில ரெட்டிச்சுன்னு ஒரு ஊரு, அங்கத்தக் கம்பெனியும் நம்ம மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேந்து என்ஃபீல்டு இந்தியான்னு பேரு வெச்சாங்க. மொதல்ல பட்டாளத்துக்குத்தான் நெம்பப் போச்சு. அப்பறம் போலீசு. எங்க பக்கம் பண்ணையக்காரரும் வட்டிக்கு உடறவரும் வெச்சிருந்தாங்க. அதுல ஆம்பியர் முள்ளுன்னு ஒன்னு இருக்கும். அதைப் பாத்து, ஒரு குட்டி லீவரை அமுக்கிப் புடிச்சு, பக்குவம் பண்ணிக்கிட்டு ஒதைக்கோணும். பக்குவம் தப்புச்சுன்னா கிக்கர் திருப்பி அடிக்கும் பாரு, கணுக்காலு சொரைக்காயாட்டம் வீங்கும். அப்ப கால் வீங்குன ஒருத்தனும் அதைப் பாரம்பரியம்னு சொல்லல. வெளக்கெண்ணெயைத் தடவி உருவிக்கிட்டு, எவனாச்சும் பட்டன் வெச்சுக் குடுத்தாத் தேவலைன்னுதான் பொலம்புனான். பட்டன் வந்துச்சு. இப்பப் பேரன்மாருங்க காசு குடுத்துக் கிக்கர் வண்டியைத் தேடறாங்க.

ஆரெக்ஸ் கதை அதுக்கு மேல. 1985ல வந்து 1996ல நின்னுபோன வண்டி. 98 சிசி, 11 குதிரை. அந்தத் துக்கினியூண்டு இன்ஜினுக்கு அது பெரிய ஓட்டந்தான், இல்லைங்கல. எங்கூர்ல அதுல பால் கேன் கட்டி ஓட்டுனாங்க. சங்கிலி அறுக்கறவனும் அதைத்தான் தேடிப் புடிப்பான்னு அப்ப ஒரு பேச்சு. இன்னைக்கு அதுக்கு லட்சத்துக்கு மேல வெலை சொல்றாங்க. பால்காரன் அன்னைக்கே வித்துப்போட்டு எருமை வாங்குனான். இன்னொருக்கா சொல்லு, யாருக்கு வெவரம் பத்தாது?

யெஸ்டி, ஜாவாக்காரங்க தனி. எண்ணிக்கையில கம்மி, மப்புல சாஸ்தி. மைசூர்ல செஞ்ச வண்டி. ஒதைக்கற கிக்கரையே மடக்கிக் கியரு போடற வண்டி. அந்தக் கதையை நாலு தடவை சொல்லாம உன்னை எந்திரிக்க உடமாட்டாங்க.

இப்ப ஒரு ரகசியம் சொல்றேன். கிட்ட வா. கூட்டத்துல சொல்லிப்போடாதே, அடிக்க வருவாங்க.

நான் லாரி ஓட்டுனவன். நாமக்கல்லுக்காரன் லாரி ஓட்டாம வேறென்ன பண்ணுவான்? எந்தக் கம்பெனி என்ன செய்யுது, எவன் எவனுக்கு வித்தான்ங்கறது லாரிக்காரனுக்குத் தெரிஞ்ச அளவுக்கு உன்ற கூட்டத்துத் தலைவனுக்குத் தெரியாது. நீ கும்புடற புல்லட்டு இருக்குதே, அந்தக் கம்பெனி நொடிச்சுக் கெடந்தப்ப 1994ல அதை எடுத்தவன் யாரு? ஐச்சர். 1959லயே டிராக்டர் செஞ்சு வித்தவன். அப்பறம் 2005ல அந்த டிராக்டர் தொழிலைச் சென்னை டாஃபேகாரங்களுக்குத் தள்ளிப்போட்டு, புல்லட்டையும் லாரியையும் வெச்சுக்கிட்டான். நான் ரோட்டுல முந்திப் போன ஐச்சர் லாரிக்கும் உன்ற புல்லட்டுக்கும் முதலாளி ஒருத்தன்தான்.

ஆரெக்ஸ் 100? அதை யமஹாக்காரன்கூடக் கூட்டுச் சேந்து இங்க செஞ்சவன் எஸ்கார்ட்ஸ். எங்க காட்டுல உழுத டிராக்டர்ல ஒன்னு எஸ்கார்ட்ஸ். செத்துப்போன ஜாவாவை 2018ல எழுப்பி உட்டாங்களே, அதுக்குப் பின்னால பணம் போட்டவன் யாரு? மஹிந்திரா. அவன் என்ன செய்யறான்னு நான் சொல்லோணுமா? எந்த ஊரு வயக்காட்டுல வேணும்னாலும் போயிப் பாரு.

வெளங்குச்சா? மூணு சாமிக்கும் மூலவர் டிராக்டர். மூணும் ஒரு கொட்டாயில கலப்பைக்குப் பக்கத்துல வளந்த பங்காளிங்க. நீங்க என்னடான்னா டீக்கடையில ஆளுக்கொரு பெஞ்சைப் புடிச்சுக்கிட்டு மொறைக்கறீங்க. உழவு ஓட்டுனவன் சிரிக்கமாட்டானா?

இன்னும் இருக்குது. ஒரகடத்துக்கிட்ட வல்லம் வடகால்னு ஒரு ஊரு. லாரிக்காரனுக்குத் தெரியாத சிப்காட்டு ஏது? அங்க புல்லட்டு ஃபேக்டரி இருக்குது. யமஹா ஃபேக்டரியும் அதே ஊர்லதான் இருக்குது. ஷிஃப்டு முடிஞ்சு வர்ற பையன் எவனும் அடுத்த ஃபேக்டரிக்காரனைப் பாத்து மொறைக்கறதில்ல. அவனுக்கு பஸ்ஸைப் புடிக்கற அவசரம். டியூக்குக்காரன் பல்சரைப் பாத்து மூக்கைச் சுளிக்கறான். ரெண்டையும் செய்யறவன் பஜாஜ்தான். டி.வி.எஸ். எக்ஸெல்லைப் பாத்து 'மூட்டை வண்டி'ன்னு சிரிச்சியே, அந்த டி.வி.எஸ்.காரங்கதான் ஓசூர்ல பி.எம்.டபிள்யூ 310 வண்டியையும் செய்யறாங்க. அமெரிக்காவுல இருந்து வந்த ஹார்லி எக்ஸ்440 வண்டிய யாரு செய்யறா? ஹீரோ. அதே ஸ்பிளெண்டர் ஹீரோ. சைக்கிள் வித்து மேல வந்த குடும்பம். நீ கை காட்டாமப் போனியே அந்தச் செம்மேட்டுக்காரன், அவனும் ஹார்லிக்காரனும் ஒரே ஊட்டுல பொண்ணெடுத்தவங்க. முறை சொல்லிக் கூப்புடோணும் கண்ணு.

அதனால நான் கேக்கறது ஒன்னே ஒன்னு. செஞ்சவன் சண்டை போடலே. வித்தவன் சண்டை போடலே. அவன் பாட்டுக்குக் கூட்டுச் சேந்து லாபத்தைப் பங்கு போட்டுக்கறான். காசு குடுத்து வாங்குன நீ எதுக்குடா வேட்டியை மடிச்சுக் கட்டறே? அவன் வித்தது ஒரு இன்ஜினு, ரெண்டு சக்கரம். கூடவே ஒரு பெருமையையும் பொட்டலம் கட்டிக் குடுத்தான். இன்ஜினுக்கு வாரண்டி உண்டு. அந்தப் பெருமைக்கு?

சத்தத்துக்கு வருவோம். கம்பெனியில படிச்ச இன்ஜினீயருங்க தலையைப் பிச்சுக்கிட்டு சத்தத்தையும் பொகையையும் அடக்கி ஒரு சைலன்சரை மாட்டிக் குடுக்கறாங்க. நீ வண்டிய எடுத்த அடுத்த வாரமே அதைக் கழட்டிப்போட்டு ஒரு வெத்துக் குழாயை மாட்டறே. ரெண்டுக்கும் காசு உன்ற காசு. அதுல இருந்து வர்ற சத்தத்துக்கு நீ 'பீட்'டுன்னு பேரு வெச்சிருக்கறே. ஹார்லிக்காரன் 1994ல அவன் வண்டிச் சத்தத்தையே பதிவு பண்ணித் தரச்சொல்லி சர்க்காருக்கு மனுப் போட்டானாம். ஆறு வருசம் இழுத்தடிச்சு 2000ல வேண்டாம்னு உட்டுப்போட்டான். என்ற பேரன் போனுல பாத்துச் சொன்னான். சத்தத்துக்குப் பட்டா கேட்டவன் உலகத்துலயே அவன் ஒருத்தன்தானோன்னு சிரிச்சேன். இல்ல, நீங்க இருக்கறீங்க. புறம்போக்குச் சத்தத்தைப் பட்டா இல்லாமயே அனுபவிக்கறீங்க. சட்டம் என்ன சொல்லுதுன்னு உனக்குத் தெரியோணும்: மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ. வண்டிய இஷ்டத்துக்கு மாத்துனா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா, இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்லாட்டி ரெண்டும். உன்ற வண்டியில நான் எண்ணுன மாத்தத்துக்கு நீ இன்னொரு வண்டியே வாங்கலாம்.

கவசத்தை நான் கேலி பண்ணலே, தப்பா எடுத்துக்காதே. ரோடு யாருக்கும் சொந்தக்காரன் இல்ல. லாரியில போனவன் நான், ரோட்டோரத்துல பாக்கக் கூடாததெல்லாம் பாத்தாச்சு. ஹெல்மெட்டு போடு, கைக்கு உறை போடு, எல்லாம் போடு. நான் கேக்கறது என்னன்னா, நீ போருக்குப் போறவனாட்டம் வந்து எறங்கறே, பின்னால உக்காந்து வந்த அந்தப் புள்ளைக்கு ஒரு துப்பட்டா மட்டுந்தானா? உன்ற தலை மட்டும் மண்டை, அவ தலை தேங்காயா? பின்னால உக்கார்றவங்களுக்கும் ஹெல்மெட்டு வேணும்னு சட்டமே இருக்குது, போடாட்டி நம்ம ஊர்ல 1,000 ரூபா. அப்பறம் அந்த ஹெல்மெட்டுல ஒரு கேமராவை ஒட்டி வெச்சுக்கிட்டு, வளைவுல திரும்பறப்ப 'மக்களே, மக்களே'ன்னு பேசிக்கிட்டு வர்றானே ஒருத்தன், அவன் கழுத்து வாரைப் போடவே இல்ல. மக்கள் பாத்துக்குவாங்கன்னு உட்டுட்டான் போலிருக்குது.

லடாக்குக் கதை வேற இருக்குது. உங்க கூட்டத்துல லடாக்கு போனவன் பெரிய மனுசன், போகாதவன் சின்னப் பையன். சரி. கர்துங்லா கணவாயில ஒரு பலகை நட்டு 18,380 அடின்னு எழுதி வெச்சிருந்தாங்க. அதுக்குக் கீழ நின்னு படம் புடிக்காத புல்லட்டுக்காரன் இல்ல. அப்பறம் ஒழுங்கா அளந்து பாத்தா 17,600 அடிகூட வரலே. எண்ணூறு அடியைப் பலகைக்காரன் அள்ளிக் குடுத்தான், நீங்க சட்டையில குத்திக்கிட்டு வந்தீங்க. இப்ப உம்லிங்லான்னு 19,024 அடியில ஒரு ரோடு போட்டிருக்கறாங்க. கர்துங்லா போனவனெல்லாம் ஒரே நாள்ல மட்டமாயிப் போனான். லே பக்கம் வாடகை வண்டிக்காரங்க, வெளியூர்ல வாடகைக்கு எடுத்துக்கிட்டு வர்ற வண்டிய மறிச்சு நிறுத்தறாங்கன்னு கேள்வி. அது வயித்துச் சண்டை. வருசத்துல நாலஞ்சு மாசம் ஓடுனாத்தான் அவனுக்குக் கஞ்சி. எனக்கு அது புரியுது. உங்க சண்டைதான் புரியலே. நானும் ஜவஹர் சுரங்கத்துக்குள்ள பூந்து சீநகருக்கு லோடு அடிச்சவன்தான். பனியில லாரி வரிசையா நிக்கும், ஸ்டவ்வைப் பத்த வெச்சுக் கஞ்சி காச்சிக் குடிச்சோம். ஊட்டுக்கு வந்தப்ப என்ற பொண்டாட்டி கேட்டது ஒரே கேள்வி: "வாடகை வந்துச்சா?" பலகைக்குக் கீழ நின்னியான்னு அவ கேக்கலே.

உங்க கூட்டத்துல தலைவரு, செயலாளரு, முன்னால போறவரு, பின்னால வாரிக்கிட்டு வர்றவருன்னு பதவி எத்தனை! அந்தப் பின்னால வர்றவரு நல்ல ஏற்பாடு, அதை நான் ஒத்துக்கறேன். லாரிக்காரங்களும் ராத்திரியில காட்டுத் தடத்துல சேந்துதான் போவோம், கடைசி வண்டி வந்துச்சான்னு பாத்துக்கிட்டே. ஆனா தலைவரு எதுக்கு? போன வருசம் ஒன்னா வந்த கூட்டம் இந்த வருசம் ரெண்டா வந்துச்சு. என்னடா ஆச்சுன்னா, படத்துல நடுவுல நிக்கறது யாருன்னு தகராறாம். வாட்ஸாப்புல பேச்சு முத்தி நடுராத்திரியில பாதிப் பேரு வெளிய போயிட்டாங்களாம். மொதல் மரியாதைச் சண்டையைக் கோயில்ல இருந்து கழட்டிக்கிட்டு வந்து ரோட்டுல மாட்டிப்போட்டீங்க. தேருக்காவது வடம் புடிக்க நாலு பேரு வேணும். உன்ற வண்டியை நீ ஒருத்தனாவே ஓட்டலாமே கண்ணு?

டீ குடிச்சாச்சா? சரி, மேல ஏறப்போறே, ரெண்டு வார்த்தை காதுல போட்டுக்க. இது எழுபது வளைவு. மேல இருந்து வர்றப்போ ஏறி வர்ற வண்டிக்கு எடம் உடோணும், அது மலைத்தடத்து மொறை, சட்டப் புத்தகத்துலயும் இருக்குது. எறங்கறப்போ இன்ஜினை அணைச்சுப்போட்டு பெட்ரோலு மிச்சம்னு உருட்டிக்கிட்டு வராதே. எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லயே எறங்கு. பிரேக்கையே புடிச்சுக்கிட்டு வந்தியானா அது சூடாயி, வேணுங்கற வளைவுல கைக்குப் புடிபடாமப் போயிரும். அப்ப முதுகுல இருக்கற கழுகு பறந்து வந்து உன்னைத் தூக்காது, அதுக்குப் பல்லு இருந்தாலுஞ் சரி. வளைவுக்கு முன்னால ஹாரன் அடி. பஸ்ஸுக்காரன் முழுத் தடத்தையும் எடுத்தா திட்டாதே, அந்த நீளத்துக்கு அவனுக்கு அது வேணும். வழியில கிளட்ச் ஒயரு அந்து போச்சுன்னா போனுல டவர் தேடிக்கிட்டு நிக்காதே. எக்ஸெல்லுல வர்ற மலைக்காரன் எவனையாச்சும் நிறுத்து. அவன் இடுப்புல சாவிக்கொத்தோட ஒரு ஸ்பேனரும் தொங்கும். உன்ற வண்டி எந்தக் கம்பெனின்னு கேக்கமாட்டான்.

போறப்போ டியூக்குப் பெஞ்சுல தனியா உக்காந்திருக்கற அந்தப் பையனையும் கூட்டிக்கிட்டுப் போ. அவன் கூட்டம் அவனை உட்டுப்போட்டு மேல போயி ஒரு மணி நேரம் ஆச்சு.

இன்னொன்னு. அடுத்தாப்புல வர்றப்போ அந்த வெத்துக் குழாயைக் கழட்டிப்போட்டு, கம்பெனிக்காரன் குடுத்த சைலன்சரையே மாட்டிக்கிட்டு வா சாமி. ஞாயித்துக்கிழமையானா எங்கூட்டு எருமை பால் சொரக்க மாட்டேங்குது.